பழைய ஹைலக்ஸ் டேஷ்போர்டுக்கு எல்இடி: எதை மாத்தலாம், எதைத் தொடக்கூடாது?

#1 பட்டர்வொர்த்_டீசல்

வணக்கம் அண்ணன்மாரே. வண்டி 1990களில் வந்த டீசல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 12 வோல்ட். ராத்திரியில மீட்டர் மங்கலா இருக்கு, அதுலயும் டீசல் முள் இருக்கிற பக்கம் கிட்டத்தட்ட இருட்டு. ஏர்கோன் பலகையில வெளிச்சமே இல்லை. கூரை விளக்கு மஞ்சளா ஒப்புக்கு எரியுது. உள்ளே இருக்கிற எல்லா பல்பையும் வெள்ளை எல்இடியா மாத்தணும். டி10 அளவு பல்பு பத்து, டி5 அளவு பத்துன்னு ஆன்லைன்ல செட்டா விக்கிறாங்க, அதையே வாங்கிடலாமா? மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் வேலை செய்யுமா? மீட்டரைக் கழட்டுறப்ப எதுல கவனமா இருக்கணும்?

#2 செந்தூல்_வயர்மேன்

தம்பி, செட்டு வாங்குறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை எடுங்க. பழைய வண்டியில மீட்டர் மங்குறதுக்குப் பல்பு மட்டும் காரணம் கிடையாது. எஞ்சின் ஓடுறப்ப பேட்டரியில 13.8-லருந்து 14.4 வோல்ட் வரைக்கும் இருக்கும். பார்க் லைட்டைப் போட்டு, டிம்மரை முழு வெளிச்சத்துல வச்சு, பல்பு சோக்கெட்டோட ரெண்டு காலுக்கும் நடுவுல எவ்வளவு வருதுன்னு அளங்க. அரை வோல்ட்டுக்கு மேல குறைஞ்சா கோளாறு வழியில இருக்கு. டிம்மர், எர்த் போல்ட் (மைனஸ் வயரைப் பாடியோட சேர்க்கிற போல்ட்), லைட் சுவிட்ச் இந்த மூணுல ஒண்ணு.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, இழை பல்போட வெளிச்சம் வோல்டேஜோட ஏறக்குறைய 3.4ஆம் அடுக்குல ஏறி இறங்கும். 13.5-க்குப் பதிலா 11 வோல்ட் வந்தா வெளிச்சம் பாதியாயிடும். எல்இடி போட்டா அந்தக் கோளாறு மறைஞ்சுக்கும், சரியாகாது. சூடேறுற டிம்மர் அப்படியே சூடேறிக்கிட்டிருக்கும்.

ரெண்டாவது விஷயம் அதைவிடப் பெரிசு. "எல்லா பல்பையும்"னு எழுதியிருக்கீங்க. அப்படிச் செய்யாதீங்க. டேஷ்போர்டுல சில பல்பு வெளிச்சம் காட்டுறதோட இன்னொரு வேலையும் செய்யுது, தன் வழியா கரண்டைக் கடத்தி வேற ஒரு பொருளை இயக்குது. எல்இடி கடத்துறது சில பத்து மில்லி ஆம்பியர்தான். 3.4 வாட் பல்பு கடத்துறது கிட்டத்தட்ட 280 மில்லி ஆம்பியர். அந்த இடத்துல எல்இடி வச்சா வேலை கெடும்.

பேட்டரி விளக்கு: பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற பழைய ஆல்டர்னேட்டர் பலதுல சார்ஜ் தொடங்குறதுக்கு வேண்டிய முதல் கரண்ட் இந்தப் பல்பு வழியாத்தான் போகும். எல்இடி போட்டா வண்டி ஸ்டார்ட் ஆனப்புறம் ஒரு தடவை நல்லா ரேஸ் பண்ற வரைக்கும் சார்ஜ் ஏறாது. சாவி சுவிட்ச்லருந்து ஐஜி வயர் தனியா வந்து, உள்ளேயே ஐசி ரெகுலேட்டர் (வோல்டேஜைக் கட்டுப்படுத்துற சிப்) உள்ள ஆல்டர்னேட்டரா இருந்தா பிரச்சினை வராமலும் போகலாம். ஆனா ஒரு பல்புக்காக அந்தச் சந்தேகத்தோட வண்டி ஓட்ட வேண்டியதில்லை. இழை பல்பே இருக்கட்டும்.

டீசல் தீர்ந்துடும்னு காட்டுற விளக்கு: பழைய ஜப்பான் வண்டிகள்ல டேங்குக்குள்ள ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். டீசல்ல மூழ்கியிருக்கிற வரைக்கும் குளிர்ச்சியா இருக்கும், மட்டம் இறங்கி வெளியே வந்ததும் தன் வழியா ஓடுற கரண்டாலேயே சூடாகி, மின்தடை குறைஞ்சு, பல்பு எரியும். எல்இடி வச்சா அந்தச் சூடு ஏறவே ஏறாது. டேங்க் காலியானாலும் விளக்கு எரியாது, இல்லைன்னா எப்பவும் லேசா மினுங்கும்.

ஏர்பேக், ஏபிஎஸ் விளக்கு உள்ள வண்டின்னா அதையும் விட்டுடுங்க. அதோட கட்டுப்பாட்டுப் பெட்டி பல்பைக் கவனிச்சுக்கிட்டிருக்கலாம்.

மத்தது, அதாவது மீட்டரோட பின்வெளிச்சம், ஏர்கோன் பலகை, கூரை, கதவு விளக்கு எல்லாம் தாராளமா மாத்தலாம்.

#3 பிறை_மின்பட்டறை

செந்தூல் அண்ணன் சொன்னது சரி. மீட்டரைக் கழட்டுற முறையை நான் எழுதுறேன்.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க, 10 நம்பர் ஸ்பேனர். ஸ்டேரிங்கைக் கீழே சாய்ச்சு, மேல ஒரு துணியைப் போர்த்துங்க. மீட்டரைச் சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் சட்டம் மேல் விளிம்புல உள்ள ஸ்க்ரூவிலயும் உள்பக்கக் கிளிப்புலயும் நிக்கும். ஸ்க்ரூ எல்லாம் எடுத்தாச்சுன்னு உறுதி பண்ணாம இழுத்தா அந்தச் சட்டம் உடையும். முப்பது வருஷம் வெயில்ல காய்ஞ்ச பிளாஸ்டிக் அது, காலையில வண்டி குளிர்ந்திருக்கிறப்ப இழுத்தா இன்னும் சுலபமா உடையும். மதியம் கொஞ்சம் சூடா இருக்கிறப்ப கிளிப் வளைஞ்சு கொடுக்கும்.

சட்டம் வந்தப்புறம் மீட்டரோட நாலு மூலை ஸ்க்ரூ. அதை எடுத்ததும் மீட்டர் ஓரளவுக்குத்தான் முன்னால வரும். பின்னால ஸ்பீடு கேபிள் பிடிச்சிருக்கும். இழுக்காதீங்க. கையைப் பின்னால விட்டு, கேபிள் தலையில இருக்கிற பிளாஸ்டிக் நாக்கை அமுக்கினா கழண்டு வரும். கை நுழையலைன்னா எஞ்சின் பக்கம், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல உள்ள தகடு) ரப்பர் இருக்கிற இடத்துல கேபிளை உள்ளே கொஞ்சம் தள்ளிக் கொடுங்க. அப்புறம் வயர் சோக்கெட்டுகள். ஒவ்வொண்ணும் எந்த இடம்னு கைபேசியில படம் எடுத்துக்குங்க.

பின்பக்கத்தைப் பார்த்தீங்கன்னா ஒரு பிளாஸ்டிக் தாள், அதுல செம்புக் கோடுகள். பல்பு சோக்கெட் அந்தத் தாள் மேல அழுந்தித்தான் கரண்ட் எடுக்குது. இடப்பக்கம் கால் திருப்பு திருப்பினா வெளியே வரும். இந்தத் தாள்தான் மொத்த வேலையிலயும் ரொம்ப மென்மையான பொருள். சோக்கெட்டை மாட்டுறப்ப அழுத்திக்கிட்டே திருப்பினா செம்பு உரிஞ்சு வந்துடும். முதல்ல நேரா வச்சு, நுழைஞ்சப்புறம் மெதுவா திருப்புங்க. செம்பு கறுத்திருந்தா பென்சில் அழிரப்பரால தேய்ச்சு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க. மணல்தாள் வேண்டாம். பட்டர்வொர்த், பிறை மாதிரி கடல் காத்து அடிக்கிற இடத்துல நிக்கிற வண்டியில இந்தக் கறுப்பு அதிகம். நீங்க சொல்ற பாதி இருட்டுக்கு அதுவே காரணமா இருக்கலாம்.

கழட்டினதும் ஒவ்வொரு பல்பையும் எடுத்து, கண்ணாடியில இருக்கிற வாட் எழுத்தைப் பார்த்து எண்ணுங்க. பெரிசு டி10, சின்னது டி5. சில இடத்துல அதைவிடச் சின்ன குமிழ், பிளாஸ்டிக் அடியோட சேர்ந்தே வரும், அது வேற அளவு. அப்புறம்தான் வாங்கப் போகணும். செட்டா வாங்கினா டி10 மிஞ்சும், டி5 பத்தாது.

#4 ரவாங்_இளையவன்

ஐஸ் ப்ளூ போட்டா செம்மையா இருக்கும் சகோ. உள்ளே புது வண்டி மாதிரி ஆயிடும். பின்னால பல்பு மேல பச்சை ரப்பர் தொப்பி இருந்தா அதைக் கழட்டிட்டுப் போடுங்க, கலர் சுத்தமா வரும்.

#5 ஜெலுத்தோங்_மீட்டர்

தம்பி ரவாங், நிறம் அவரவர் விருப்பம்தான். ஆனால் இரவில் நீண்ட தூரம் ஓட்டும் வண்டிக்கு நீலம் போடுவதை நான் ஏற்கமாட்டேன். காராக் நெடுஞ்சாலையில் மழை பெய்யும் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர் வண்டியின் வெளிச்சம் ஏற்கனவே கண்ணாடியில் சிதறிக்கொண்டிருக்கும். கீழேயிருந்து நீல வெளிச்சமும் கண்ணுக்குள் விழுந்தால், இருட்டுக்குப் பழகிய கண் அந்தப் பழக்கத்தை இழந்துவிடும். சாலையோரம் போகும் மோட்டார் சைக்கிள் அப்போது கண்ணில் படாது.

இன்னொன்று, முள். ஹைலக்ஸ் மீட்டரின் முள் சிவப்பு அல்லது ஆரஞ்சு. சிவப்புச் சாயம் சிவப்பு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும், நீலத்தை விழுங்கிவிடும். நீல எல்இடி போட்டால் எண்கள் பளிச்சென்று தெரியும், முள் கறுப்புக் குச்சியாகிவிடும். வேகம் காட்டும் முள் தெரியாத மீட்டர் எதற்கு?

வெள்ளை எல்இடி என்பது உள்ளுக்குள் நீல எல்இடிதான், மேலே மஞ்சள் பாஸ்பர் பூசியிருக்கிறார்கள். 6000 கெல்வின் (ஒளி நிறத்தின் அளவு, கூடினால் நீலம் கூடும்) "தூய வெள்ளை"யில் சிவப்புப் பங்கு குறைவு. மீட்டருக்கு 3000 முதல் 4300 கெல்வின் வரை எடுங்கள், முள்ளும் தெரியும், எண்ணும் தெரியும். பச்சைத் தொப்பியோ பச்சைத் தாளோ இருந்து, பழைய பச்சை நிறமே வேண்டுமென்றால் 3000 கெல்வின் போட்டுத் தொப்பியை அப்படியே விடுங்கள். 6000 போட்டால் பச்சை நீலப்பச்சையாக மாறும்.

எச்சரிக்கை விளக்குகளில் எவற்றை மாற்றுகிறீர்களோ, அவற்றில் கண்ணாடியின் நிறத்துக்கே எல்இடி போடுங்கள். ஆயில் விளக்குக்குச் சிவப்பு எல்இடி, ஹைபீமுக்கு நீலம், சிக்னலுக்குப் பச்சை. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் குளிர் வெள்ளை வைத்தால் வெளிறிய இளஞ்சிவப்பாகத்தான் தெரியும். பகல் வெயிலில் கண்ணில் படவே படாது. ஆயில் அழுத்தம் போனதை அரை நிமிடம் தாமதமாகப் பார்த்தால் எஞ்சின் போய்விடும்.

#6 பட்டர்வொர்த்_டீசல்

அளந்து பார்த்தேன். எஞ்சின் ஐட்லிங்ல பேட்டரி 14.1. சோக்கெட்டோட ரெண்டு காலுக்கும் நடுவுல 11.6. டிம்மர் முழுசா திறந்திருக்கு. ஒரு காலுக்கும் பாடிக்கும் 13.7, இன்னொரு காலுக்கும் பாடிக்கும் 2.1.

#7 செந்தூல்_வயர்மேன்

அருமையா அளந்திருக்கீங்க. அந்த 2.1 வோல்ட்தான் பதில். டொயோட்டாவுல டிம்மர் பெரும்பாலும் எர்த் பக்கம் இருக்கும். பல்போட ஒரு காலுக்கு நேரா பிளஸ் வரும், மறுகால் டிம்மர் வழியா பாடிக்குப் போகும். முழுசா திறந்த டிம்மர்ல 2.1 வோல்ட் விழுந்தா அதோட உள்சுருள்ல அழுக்கு, இல்லைன்னா அதோட எர்த் வயர் தளர்ந்திருக்கு. முதல்ல எர்த் போல்ட்டைக் கழட்டித் தேய்ச்சு இறுக்குங்க. டிம்மருக்குள்ள கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முப்பது தடவை திருப்புங்க. மறுபடி அளங்க. 0.3-க்குக் கீழே வரணும்.

இது சரியானாலே புது இழை பல்போட மீட்டர் நல்லாத் தெரியும். சொல்லிட்டேன், முடிவு உங்களோடது.

#8 பிறை_மின்பட்டறை

அதோட, மீட்டரைத் திறந்தா பல்புக்கு முன்னால உள்ள வெளிச்ச அறையைப் பாருங்க. உள்ளே அடிச்சிருக்கிற வெள்ளை பெயிண்ட் பழுப்பாயிருக்கும். பளபளப்பில்லாத வெள்ளை ஸ்ப்ரே ஒரு பூச்சு போட்டா வெளிச்சம் நல்லாவே கூடும். முகப்பு, முள் ரெண்டையும் மூடிட்டு அடிங்க. முள்ளைக் கையால திருப்பாதீங்க, தவறான இடத்துல நின்னுடும்.

#9 பட்டர்வொர்த்_டீசல்

எர்த் போல்ட்டைத் தேய்ச்சு, டிம்மருக்குக் கிளீனர் அடிச்சதுல 2.1 இப்ப 0.25. வெளிச்சம் நல்லா கூடிடுச்சு. இருந்தாலும் பல்பு எல்லாம் கறுத்துப்போய் கிடக்கு, எப்படியும் மாத்தணும், எல்இடியாவே போடுறேன். டிம்மர் கதை என்ன ஆகும்?

#10 ஜெலுத்தோங்_மீட்டர்

கொஞ்சம் கணக்கு வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

பின்வெளிச்சத்தில் 3.4 வாட் பல்பு ஐந்து என்று வையுங்கள். மொத்தம் 17 வாட், 12 வோல்ட்டில் 1.4 ஆம்பியர். டிம்மரை நடுவில் வைத்தால் 3 ஓம் வருகிறது என்று எடுத்துக்கொண்டால், அதில் ஏறக்குறைய 3 வோல்ட் விழும், பல்பு நன்றாக மங்கும். அதே இடத்தில் ஐந்து எல்இடி, ஒன்றுக்கு 30 மில்லி ஆம்பியர், மொத்தம் 0.15 ஆம்பியர். அதே 3 ஓமில் விழுவது 0.45 வோல்ட். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. "எல்இடி போட்டால் டிம்மர் செத்துவிடும்" என்று சொல்வது இதனால்தான். டிம்மர் சாகவில்லை, பிடித்து இழுக்க அதற்குக் கரண்ட் இல்லை.

எல்இடியின் உள்ளமைப்பும் முக்கியம். மூன்று வகை இருக்கின்றன. ஒரே சிப், ஒரு ரெசிஸ்டர்: வோல்டேஜ் 14-லிருந்து 11-க்கு இறங்கினால் கரண்ட் 72 விழுக்காடாகத்தான் குறையும். மூன்று சிப் தொடராக, ஒரு ரெசிஸ்டர்: சிப்புகளே 9.3 வோல்ட் எடுத்துக்கொள்வதால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 4.7, பிறகு 1.7. கரண்ட் 36 விழுக்காடாக இறங்கும். இது நன்றாக மங்கும். மூன்றாவது, கரண்டை நிலையாக வைத்திருக்கும் டிரைவர் ஐசி உள்ளது. "9 முதல் 30 வோல்ட்" என்று போட்டு விற்பது பெரும்பாலும் இதுதான். டிம்மரை எவ்வளவு திருப்பினாலும் ஒரே வெளிச்சம், ஒரு கட்டத்தில் பட்டென்று அணையும். கூரை விளக்குக்கு இதுவே சிறந்தது, டிம்மர் உள்ள மீட்டருக்கு ஆகாது.

தீர்வு இரண்டு. எளியது: மூன்று சிப் தொடர் வகையைப் போட்டு, ஏர்கோன் பலகையிலோ ஆஷ்ட்ரேயிலோ இரண்டு இழை பல்பை அப்படியே விடுங்கள். அவை இழுக்கும் அரை ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் டிம்மரில் வோல்டேஜை விழ வைக்கும், எல்இடியும் கூடவே மங்கும். சுத்தமானது: பிடபிள்யூஎம் டிம்மர். கரண்டை நொடிக்குப் பல நூறு முறை வெட்டி வெட்டி விடுவதால் ரெசிஸ்டர் வகை எல்இடி முழு அளவிலும் சீராக மங்கும்.

பிடபிள்யூஎம் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் சின்ன எல்இடி டிம்மர் பலகைகளில் பெரும்பாலானவை நெகட்டிவைத்தான் வெட்டும், பிளஸ் நேராகப் போகும். உங்கள் வண்டியில் டிம்மர் எர்த் பக்கம் என்பது #6-இல் நீங்கள் எழுதிய அளவிலேயே தெரிகிறது, ஆகவே பொருந்தும். டிம்மர் பிளஸ் பக்கம் உள்ள வண்டியில் பல்பின் மறுகால் நேராகப் பாடியில் இருக்கும், இந்தப் பலகை வேலை செய்யாது. அதற்குப் பிளஸை வெட்டும் வகை வேண்டும். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் பாசார் எலெக்ட்ரானிக் கடை வரிசையில் இவை கிடைக்கும்.

#11 ரவாங்_இளையவன்

டிம்மரை ஷார்ட் பண்ணிட்டு எப்பவும் முழு வெளிச்சத்துல விட்டா என்ன சகோ? பாதி பேர் அதைத் தொடுறதே இல்லையே.

#12 செந்தூல்_வயர்மேன்

இழை பல்புக்கு அது சரியா வரும். எல்இடியை முழு வெளிச்சத்துல விட்டா ராத்திரி முன்கண்ணாடியில மீட்டரோட பிம்பம் விழும், ரெண்டு மணி நேரத்துல கண்ணு எரியும். அப்படிச் செஞ்சே ஆகணும்னா வெளிச்சம் குறைஞ்ச எல்இடியா எடுங்க, டி10-க்கு அரை வாட்டே போதும். மீட்டருக்குள்ள வேணுங்கிறது பரவலான வெளிச்சம். நெத்தியில மட்டும் சிப் வச்ச எல்இடி வாங்கினா எண் 60-க்குப் பக்கத்துல ஒரு வெள்ளைப் பொட்டு, மத்ததெல்லாம் இருட்டு. இழை பல்பு சுத்திலும் வீசும், அறையே அதுக்குத் தகுந்தாப்பலதான் செஞ்சிருக்கு. பக்கவாட்டுல நாலு, நெத்தியில ஒண்ணுன்னு அஞ்சு சிப் உள்ளதை எடுங்க. ஒளி இன்னும் சிதறணும்னா தலையை 400 நம்பர் மணல்தாள்ல லேசா மங்க வைங்க. தலை தடிச்ச, அலுமினிய உடம்பு உள்ளது மீட்டர் ஓட்டையில நுழையாது. நீளம் பழைய பல்பை மிஞ்சக்கூடாது, மிஞ்சினா முகப்புத் தாளை முட்டும்.

#13 பிறை_மின்பட்டறை

எல்இடியைச் சோக்கெட்டுல சொருகுறப்ப அதோட காலைப் பாருங்க. மெல்லிய கம்பி, ரெண்டு பக்கமும் மடிச்சிருக்கும். தளர்வா இருந்தா வண்டி குழியில இறங்குறப்ப மினுக் மினுக்குன்னு வரும். கம்பியை வெளிப்பக்கமா கொஞ்சம் வளைச்சா பிடிக்கும். ஆனா ரெண்டு கம்பியும் அடியில ஒண்ணோட ஒண்ணு தொடக்கூடாது. தொட்டா டெயில் ஃபியூஸ் போகும். மீட்டர் வெளிச்சமும் பின்னாடி சிவப்பு விளக்கும் ஒரே ஃபியூஸ்ல இருக்கிற வண்டிதான் அதிகம். உள்ளே ஒரு பல்பு ஷார்ட் ஆனா பின்னால விளக்கே இல்லாம ஹைவேயில ஓடுவீங்க, உங்களுக்குத் தெரியாது.

எல்லாம் போட்டப்புறம், மீட்டரை மூடுறதுக்கு முன்னாடி வயர் சோக்கெட்டை மட்டும் மாட்டி, பேட்டரியைக் கொடுத்துச் சோதிங்க. சாவியைத் திருப்பி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம வச்சா பேட்டரி, ஆயில், கிளோ (டீசல் எஞ்சினை முன்கூட்டிச் சூடேத்துறதைக் காட்டுறது) விளக்கு எரியணும், ஹேண்ட்பிரேக் இழுத்தா அதுவும். கிளோ சில விநாடியில அணையும். எரியாதது இருந்தா அந்த எல்இடியை 180 பாகை திருப்பிப் போடுங்க, பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். இழை பல்புக்கு அந்தக் கணக்கு கிடையாது, எல்இடிக்கு உண்டு. ஆயில் விளக்கு தலைகீழா இருந்தா எரியவே எரியாது, நீங்க எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு ஓட்டுவீங்க. டீசல் விளக்கை இழை பல்பாவே விட்டாலும் டேங்க் இறங்குறப்ப எரியுதான்னு ஒரு தடவை பார்த்துக்குங்க.

டொயோட்டாவுல ஹெட்லைட் எர்த் பக்கம் சுவிட்ச் ஆகிற வண்டி உண்டு. அதுல ஹைபீம் விளக்கோட பிளஸ் மைனஸ் மத்த விளக்குக்கு எதிரா இருக்கலாம். லோபீம், ஹைபீம் ரெண்டையும் போட்டுப் பாருங்க. சில பழைய வண்டியில இடம் வலம் ரெண்டு சிக்னலுக்கும் மீட்டர்ல ஒரே பல்பு இருக்கும், ரெண்டு பக்க வயருக்கும் நடுவுல. கரண்ட் ஒரு தடவை இப்படிப் போகும், ஒரு தடவை அப்படிப் போகும். அதுக்கு ரெண்டு பக்கமும் எரியுற எல்இடிதான் வேணும்.

#14 கிள்ளான்_3டன்

24 வோல்ட் 3 டன் லோரிக்கும் இதே கணக்குதானா அண்ணே? கேபின்ல பல்பு எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கு. பின்னால பெட்டிக்குள்ள எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டினா சில மாசத்துல துண்டு துண்டா அணைஞ்சுடுது.

#15 ஜெலுத்தோங்_மீட்டர்

உருவம் ஒன்று, வோல்ட் வேறு. பல்பின் கண்ணாடியில் 24 என்று இருக்கும். பேட்டரி இரண்டு தொடராக இருந்தாலும் மல்டிமீட்டரால் சோக்கெட்டில் அளந்து உறுதி செய்யுங்கள். சில லோரியில் ரேடியோவுக்கு மட்டும் 12 வோல்ட் மாற்றி தனியாக இருக்கும், அதைப் பார்த்துக் குழம்பக்கூடாது. எஞ்சின் ஓடும்போது 28.8 வோல்ட் வரை ஏறும். ஒரு 12 வோல்ட் எல்இடியை அதில் வைத்தால் அப்போதே போகும். இரண்டு 12 வோல்ட் எல்இடியைத் தொடராக வைப்பதும் வேண்டாம். இரண்டும் சமமாகப் பங்கிடாது, ஒன்று அதிகம் தாங்கி முதலில் எரியும், பின்னாலேயே மற்றதும்.

ஸ்ட்ரிப் அணைவதற்குக் காரணம் எளிது. 24 வோல்ட் ஸ்ட்ரிப்பில் ஒரு துண்டுக்குப் பெரும்பாலும் ஆறு சிப் தொடராக இருக்கும், 18.6 வோல்ட். மிச்சம் 5.4 ரெசிஸ்டரில். சரியாக 24 வோல்ட் கொடுக்கும் வீட்டு அடாப்டருக்கு அமைத்த கணக்கு அது. லோரியில் 28.8 வந்தால் ரெசிஸ்டரில் 10.2. கரண்ட் ஏறக்குறைய 1.9 மடங்கு. வெயிலில் நின்று காய்ந்த இரும்புப் பெட்டியின் கூரையில் அந்தச் சூடும் சேர்ந்தால் சிப் தாங்குமா? 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 14.4-இல் போட்டாலும் இதே 1.9 மடங்குதான், ஆகவே இது கார்காரர்களுக்கும் பொருந்தும்.

12 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்கி, 24-ஐ நிலையான 12 ஆக இறக்கும் பக் கன்வெர்ட்டர் வழியாகக் கொடுங்கள். ஸ்ட்ரிப்பின் ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை வாட் என்று பார்த்து, மொத்தத்துக்கு ஒன்றரை மடங்கு திறன் உள்ள கன்வெர்ட்டர் எடுங்கள். அதன் பிளஸில், பேட்டரிக்கு அருகே ஃபியூஸ் இல்லாமல் வயர் இழுக்காதீர்கள். ஸ்ட்ரிப்பை நேராகப் பெட்டியில் ஒட்டாமல் அலுமினிய வாய்க்காலில் ஒட்டி, வாய்க்காலை ரிவெட் அடியுங்கள். இரட்டைப் பக்க டேப் சூட்டில் இளகி விழும்.

#16 செந்தூல்_வயர்மேன்

கிள்ளான் தம்பி, உங்க லோரியில பேட்டரி விளக்கைக் கண்டிப்பா எல்இடியாத்தான் வைக்கணும்னா, அதுக்கு இணையா 220 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் போடணும். சாவி திறந்து எஞ்சின் ஓடாம இருக்கிறப்ப அதுல 2.6 வாட் சூடு வரும், பிளாஸ்டிக்கைத் தொடாம மாட்டுங்க. 12 வோல்ட் வண்டிக்கு 47 ஓம், 10 வாட். ஆனா நான் மறுபடியும் சொல்றேன், இழை பல்பை விடுறதுதான் நல்லது.

புஸ்பகோம் வண்டிப் பரிசோதனைக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போகிற லோரியில வெளி விளக்கோட நிறத்தைத் தொடாதீங்க. முன்னால வெள்ளை, பின்னால சிவப்பு, சிக்னல் அம்பர், அப்படியே இருக்கட்டும். வெளி சிக்னலை எல்இடி ஆக்கினா சிக்னல் வேகமா அடிக்கும். அதுக்குச் சுமை பார்க்காத எலெக்ட்ரானிக் ஃப்ளாஷர் போடணும், 24 வோல்ட்டுக்குத் தனி. அது வேற தலைப்பு.

#17 பட்டர்வொர்த்_டீசல்

கூரை விளக்கு ரெண்டு முனையும் உலோகத் தொப்பி உள்ள நீட்டு பல்பு. அளவு எப்படிப் பார்க்கிறது? கதவை மூடினப்புறம் எல்இடி லேசா எரிஞ்சுக்கிட்டே இருக்கும்னு சொல்றாங்களே?

#18 பிறை_மின்பட்டறை

தொப்பி நுனியிலருந்து நுனி வரைக்கும் அளங்க. 31, 36, 39, 41 மில்லிமீட்டர் இப்படித்தான் வரும். ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பிடிப்புத் தகட்டை வளைச்சுச் சரிபண்ணலாம், அஞ்சு மில்லிமீட்டரை முடியாது. 36-ம் 39-ம் பார்வைக்கு ஒண்ணுதான், கடையில மாத்திக் கொடுத்துடுவாங்க. எல்இடியோட முதுகுல சாலிடர் புள்ளிகள் திறந்திருந்தா, பின்னால இருக்கிற தகட்டைத் தொட்டு ஷார்ட் ஆகும். கூரை விளக்கோட டோம் ஃபியூஸ் போனா கடிகாரமும் ரேடியோ நினைவும் சேர்ந்தே போகிற வண்டி நிறைய. சூடு தாங்குற காப்டன் டேப் ஒரு துண்டை முதுகுல ஒட்டிடுங்க.

லேசா எரியுறது சுவிட்ச் வழியா கசியுற சின்னக் கரண்ட். கதவு சுவிட்ச்ல துரு, ஈரம், இல்லைன்னா மெதுவா அணைக்கிற பெட்டி. இழை பல்புக்கு அந்தக் கரண்ட் பத்தாது, எல்இடிக்குப் போதும். முதல்ல கதவு சுவிட்சைக் கழட்டிச் சுத்தம் பண்ணுங்க. அப்பவும் எரிஞ்சா பல்புக்கு இணையா 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர். 24 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம், 1 வாட்.

#19 ரவாங்_இளையவன்

எல்இடி போட்டா ரேடியோல இரைச்சல் வருதுன்னு கேள்விப்பட்டேன். மின்னல் எஃப்எம் கேக்கவே முடியாதாம்.

#20 ஜெலுத்தோங்_மீட்டர்

வரும், டிரைவர் ஐசி உள்ள மலிவு எல்இடியிலும் பக் கன்வெர்ட்டரிலும். அவை வேகமாக வெட்டி வெட்டிக் கரண்ட் கொடுப்பதால் எஃப்எம் அலைவரிசையில் இரைச்சல் விழும். ரெசிஸ்டர் வகையில் வராது. எது குற்றவாளி என்று அறிய, ரேடியோவை ஓட விட்டு ஒவ்வொரு விளக்காக அணைத்துப் பாருங்கள். கன்வெர்ட்டரானால் உள்ளே வரும் வயர், வெளியே போகும் வயர் இரண்டிலும் இரைச்சலை அடக்கும் கிளிப் ஃபெரைட் வளையம் மாட்டி, அதை ஆண்டெனா வயரிலிருந்து தள்ளி வையுங்கள். கூரை விளக்கின் எல்இடியானால், ஃபெரைட்டுக்குச் செலவழிப்பதைவிட வேறு எல்இடி வாங்குவதே மலிவு.

#21 பட்டர்வொர்த்_டீசல்

எல்லாத்தையும் எண்ணிட்டேன். பின்வெளிச்சத்துக்கு மூணு சிப் தொடர், 4300 கெல்வின். ஆயில், ஹைபீம், சிக்னல் அதது நிறத்துல. பேட்டரி, டீசல் ரெண்டும் புது 3.4 வாட் இழை. ஏர்கோன் பலகையில ரெண்டு இழை. கூரைக்கு 31 மில்லிமீட்டர் டிரைவர் வகை. கடைசியா ஒண்ணு: ஹஸார்ட் சுவிட்ச்சுக்குள்ள கடுகளவு பல்பு ஒண்ணு சாலிடர் பண்ணியிருக்கு, அதுக்கு எல்இடி கிடைக்குமா?

#22 செந்தூல்_வயர்மேன்

அதுக்குச் செய்யலாம். 3 மில்லிமீட்டர் வெள்ளை எல்இடி ஒண்ணு, 1.2 கிலோ ஓம் கால் வாட் ரெசிஸ்டர் ஒண்ணு, தொடரா. எட்டு ஒன்பது மில்லி ஆம்பியர் போகும், சுவிட்சுக்கு அது போதும். தலைகீழ் வோல்டேஜ் 5-க்கு மேல எல்இடி தாங்காது, அதனால 1என்4148 டையோடு ஒண்ணும் அதே தொடர்ல சேர்த்துடுங்க. 24 வோல்ட் லோரிக்கு 2.7 கிலோ ஓம், அரை வாட். எல்இடி காலை ரெசிஸ்டரோட முறுக்கி சாலிடர் பண்ணி, சூட்டுல சுருங்குற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்க. சுவிட்ச் பொத்தான் அமுங்குற வழியில ரெசிஸ்டர் தலை நீட்டக்கூடாது. பழைய பல்போட கால் எங்கே இருந்ததோ அங்கேயே சாலிடர் வைங்க, சாலிடர் இரும்பை மூணு விநாடிக்கு மேல வைக்காதீங்க, சுவிட்ச் உடம்பு உருகும்.

#23 பிறை_மின்பட்டறை

மீட்டரைத் திரும்ப மாட்டுறப்ப ஸ்பீடு கேபிள் "டக்"குன்னு சத்தம் கேக்குற வரைக்கும் தள்ளுங்க. பாதி நுழைஞ்சா முள் ஆடும், இல்லைன்னா அசையாது. கேபிள் எங்கேயும் சுருக்கா வளையாம பார்த்துட்டு, நாலு ஸ்க்ரூவையும் கையால திருப்பி, கடைசியில மட்டும் இறுக்குங்க.